மேல்தண்ணி அக்கா

புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊரில் எல்லாரும் பெயரைக் கேட்பார்கள், வேலையைக் கேட்பார்கள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். அக்கா அதையெல்லாம் கேட்க மாட்டார். "ஒங்க தாத்தா எந்தத் தோட்டம்? அங்க லோங்காங் எந்தப் பக்கமா ஓடும்? ஒங்க வீடு மேல்தண்ணியா, கீழ்தண்ணியா?" என்று கேட்பார். பதிலைக் கேட்ட பிறகுதான் உட்கார நாற்காலி போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

லோங்காங் என்றால் எங்கள் பக்கம் சாக்கடைக் கால்வாய். பழைய ரப்பர் தோட்டங்களில் லயம் என்கிற கூலிகளின் வரிசை வீடுகளுக்கு நடுவே அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். மேலே இருக்கிற வீட்டுக்காரர் குளித்த தண்ணீர் கீழே இருக்கிற வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும். ஆகவே மேலே இருந்தவர்கள் மேன்மக்கள். கீழே இருந்தவர்கள் அடுத்தவர் அழுக்கைப் பார்த்தே வளர்ந்தவர்கள், அவர்களுக்குப் புத்தி கொஞ்சம் கலங்கல்தான். அக்காவின் சித்தாந்தம் மொத்தமும் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அவர் உலகத்தில் விளக்காத விஷயம் கிடையாது. ஒருவர் வீட்டுச் சட்டினி ஏன் புளிக்கிறது, ஒருவர் கார் ஏன் மழையில் ஸ்டார்ட் ஆகவில்லை, ஒருவர் பையன் ஏன் கணக்கில் முட்டை வாங்கினான், எல்லாவற்றுக்கும் காரணம் அந்தத் தாத்தா வீட்டு வாசல் தண்ணீரில் இருந்தது.

ஆனால் சாதி என்று யாராவது வாயெடுத்தால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும். "சாதியாவது மண்ணாவது. மனுசன மனுசனாப் பாக்கத் தெரியாத ஜென்மங்க" என்று திட்டுவார். திட்டி முடித்துவிட்டு, "அவங்கல்லாம் கீழ்தண்ணியாத்தான் இருப்பாங்க" என்பார்.

நான் ஈப்போ டவுனில் ஒரு பேனர் அச்சடிக்கும் கடையில் வேலை செய்தேன். வீடு சிலிபின் பக்கம் ஒரு சின்னத் தாமான் குடியிருப்பில். தாமான் என்று பெயர்தான் பெரிது. இரண்டு வரிசை வீடு, பாலாய் ராயா என்கிற ஓர் ஊர் மண்டபம், ஒரு பூப்பந்துத் திடல், ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் அண்ணன் ஒருவர் நடத்தும் சாப்பாட்டுக் கடை. தோட்டத்தை விற்றபோது அதே நிலத்தில் ஒரு மூலையில் கட்டிக் கொடுத்த வீடுகள் அவை. தோட்டத்தில் இருந்த குடும்பங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு வீடு ஒதுக்கினார்கள். அதனால் பழைய வரிசையெல்லாம் சீட்டுக்கட்டுப் போலக் கலைந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் கலையவில்லை. அவர் குடும்பம் அந்தக் காலத்தில் மேல் லயம். சீட்டில் கிடைத்த வீடும் மேல் லயம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, பூப்பந்துத் திடலை ஒட்டி அமைந்துவிட்டது. "சாமியே சீட்டு எடுத்துக் குடுத்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

எங்கள் குடும்பம் லயத்துக்கு நடுவில், தண்ணீர்க் குழாய்க்கு நேர் எதிரே இருந்ததாம். அக்கா கணக்கில் நாங்கள் நடுத்தண்ணி. எங்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி குடிப்பார், பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். "கொதிக்க வச்சா எல்லாம் சரியாயிரும் தம்பி" என்று எனக்கு ஆறுதலும் சொல்வார். அவரை யாரும் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. பால்வாடிப் பிள்ளை முதல் பென்ஷன் வாங்குகிற கிழவர் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். அவர் முதுகுக்குப் பின்னால் மேல்தண்ணி அக்கா.

அக்காவின் வீட்டுக்காரர் ஓர் அதிசயம். பேசவே மாட்டார். கையுறைத் தொழிற்சாலையில் காவலாளி வேலை. வந்தால் சாப்பிடுவார், வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டுவார். ஏன் அண்ணன் பேசுவதே இல்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"அவரு தோட்டத்து ஆளு இல்லலா. ஈயம் தோண்டுன குட்டைப் பக்கம் பொறந்தவரு. குட்டைத் தண்ணிக்கு மேலும் இல்ல கீழும் இல்ல. அப்படியே கெடக்கும். இவரும் அப்படியே கெடக்காரு."

அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த நகத்துக்குப் போய்விட்டார்.

ஒருமுறை அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். புதிதாக வந்திருந்த தமிழ் டாக்டர் அழுத்தமானியைக் கையில் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா விசாரணையை ஆரம்பித்துவிட்டார். டாக்டரின் தாத்தா பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தில் இருந்தவராம். அக்கா முகம் சுருங்கியது. வெளியே வந்ததும் மருந்துப் பொட்டலத்தை என் கையில் திணித்தார்.

"இது வேணாம் தம்பி. பாகான் டத்தோ கடலோரம். தண்ணி காலைல ஏறும், சாயங்காலம் எறங்கும். அந்த ஊரு டாக்டரு இன்னைக்குப் பிரஷர் கூடன்னுவாரு, நாளைக்குக் கொறைவும்பாரு."

"பிரஷரே அப்படித்தான்க்கா, ஏறும் எறங்கும்."

"பாத்தியா, அவரு ஊரு வியாதிய எனக்கு ஒட்ட வச்சிட்டாரு."

மாமாக் கடை அண்ணனுக்கு அக்காவைச் சீண்டுவது பொழுதுபோக்கு. தே தாரிக் தேநீரை உயர்த்தி ஆற்றிக்கொண்டே, "அக்கா, எங்க வாப்பாவோட வாப்பா தோட்டத்துல இருந்ததே இல்ல. நாகப்பட்டணத்துலருந்து யாவாரத்துக்கு வந்தவரு. எங்கள எங்க வைப்பீங்க?" என்பார்.

அக்கா ஒரு நொடி கூட யோசிக்க மாட்டார். "நீங்க கப்பல்ல வந்தவங்க. ஒங்களுக்கு எல்லாத் தண்ணியும் கீழதான். குடுங்க தேத்தண்ணிய."

இதில் பெரிய வேடிக்கை, மழைக்காலத்தில் எங்கள் தாமானில் முதலில் தண்ணீர் நுழைகிற வீடு அக்காவின் வீடுதான். லோங்காங் பொங்கினால் மற்ற வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். அக்கா வீட்டில் சோபா மிதக்கும். நாங்கள் ஓடிப்போய் பீரோவைத் தூக்கி, டிவியைத் தூக்கி, அரிசிப் பானையைத் தூக்கி மேசைமேல் வைப்போம். அக்கா கட்டிலின்மேல் நின்றுகொண்டு மேற்பார்வை செய்வார். "மேல இருக்க வீட்டுலதான்லா மழை மொதல்ல விழும்" என்று அங்கிருந்தபடியே எங்களுக்கு விளக்கம் வேறு. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதைக் கேட்கும்போது எனக்கும் சரி என்றே பட்டது.

அந்தப் பழைய மரக் கொட்டகை லயங்களை அக்கா தம் கண்ணால் பார்த்தவர் இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அவற்றை இடித்துவிட்டு வேறு இடத்தில் செங்கல் வீடு கட்டிவிட்டார்களாம். எல்லாம் அவருடைய அம்மா சொன்ன கதைகள். அவற்றில் அக்காவுக்கு மிகவும் பிடித்தது ஒன்று. எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"காலைல வெடியறதுக்கு முன்னாடியே எங்க வீட்டுப் பின்னாடி கூட்டம் கூடிருமாம். மேல் லயம் கீழ் லயம் எல்லாரும் கையில வெளக்கப் புடிச்சிக்கிட்டு வரிசையா வந்து நிப்பாங்களாம். சத்தம் போட மாட்டாங்களாம். எங்க அம்மா கண்ணால பாத்தது. எங்க குடும்பத்துக்கு அவ்ளோ மரியாதை தம்பி."

எதற்காக வந்து நின்றார்கள் என்று நான் கேட்டதில்லை. அக்காவும் அவர் அம்மாவைக் கேட்டதில்லை போல.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் மலர் பிறந்தாள். ஒரே பெண். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. அங்கேயே டெக்னீஷியனாக இருந்தான் சரவணன். அவனும் எங்கள் தாமான்தான், பாலாய் ராயாவை ஒட்டிய வீடு. அவனுடைய அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவர், எல்லாருக்கும் கேண்டீன் அம்மா. புருஷன் இல்லை. நாலு பேர் பேசினால் ஐந்தாவதாகத் தலையாட்டுகிற மனுஷி. வெள்ளிக்கிழமை இரண்டு பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் ஈப்போ வருவார்கள், ஞாயிறு ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். ஒரே பஸ்ஸில் எத்தனை நாள்தான் சும்மா உட்கார்ந்து வருவது. மனசு ஒத்துப்போய்விட்டது.

பையனிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. குடி இல்லை, சிகரெட் இல்லை, கைக்கு வேலை தெரியும். அக்காவும் குறை சொல்லவில்லை. "நல்ல பையன்தான். யாரு இல்லன்னா? ஆனா கீழ் லயம்" என்றார், அவ்வளவுதான். மலர் அழுதாள், பட்டினி கிடந்தாள், ஃபோனை அணைத்துவிட்டு இரண்டு வாரம் ஈப்போ பக்கமே வராமல் இருந்தாள். அக்கா மசியவில்லை. "நம்ம வீட்டு அழுக்குத் தண்ணி தாண்டிப் போன வாசல்ல என் பொண்ணு கோலம் போடணுமா?"

ஓடிப்போய்ப் பதிவு செய்துகொள்ளலாமே என்று நான் மலரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அது வேணாம்ணே. அம்மா மேடையில நின்னாத்தான் எனக்குக் கல்யாணம். இல்லன்னா கெடையாது. அவங்கள அப்படி விட்டுட்டு எங்க போயி நான் சந்தோசமா இருக்கறது?"

சரவணனும் அதையே சொன்னான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஜோடி. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அவர்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் எங்கள் கடைக்கு வந்தார்கள். ஈப்போவைச் சுற்றி நம்மவர்கள் வந்து குடியேறிய இடங்களின் பழைய வரைபடங்களை எங்கிருந்தோ தேடியெடுத்து, ஊர் ஊராகக் கண்காட்சி வைக்கிறார்களாம். வெள்ளைக்காரன் காலத்தில் சுகாதார அதிகாரி நடந்து நடந்து வரைந்தவை. ரயில்வே கூலிகள் இருந்த சந்து, சலவைக்காரர்கள் இருந்த ஆற்றங்கரை, டவுனை ஒட்டிய தோட்டத்து லயங்கள். எந்த அறையில் எத்தனை பேர், எங்கே குழாய், எங்கே அடுப்படி, எங்கே சாக்கடை, எங்கே கொசு என்று சிவப்பு மையில் குறித்திருந்தான். நம்மைப் பற்றி நமக்கே இல்லாத அக்கறை அவனுக்கு இருந்திருக்கிறது. காலரா துரை பங்களா வரை போய்விடக் கூடாதே என்கிற அக்கறை.

ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி அச்சடித்துக்கொண்டு வந்தபோது எங்கள் தோட்டமும் வந்தது. நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன்மேல் குனிந்தேன். மேல் லயம் இருந்தது, கீழ் லயம் இருந்தது, இரண்டையும் சேர்த்து நடுவில் கால்வாய் ஓடியது. கால்வாய்க்குள்ளே ஓர் அம்புக்குறி. அது கீழ் லயத்தில் கிளம்பி மேல் லயத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

மலருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே ஃபோன் வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு குரல்.

"அண்ணே, அந்த அம்பைக் கொஞ்சம் பெருசாப் போட முடியுமா?"

கொஞ்சம் பெரிதாகப் போட்டேன். என் முழங்கை நீளம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாலாய் ராயாவில் கண்காட்சி, கூட்டமான கூட்டம். எல்லாரும் தங்கள் தாத்தாவின் அறையைத் தேடினார்கள். ஓர் அண்ணன் தங்கள் அறையில்தான் லயத்திலேயே அதிகம் பேர் இருந்தார்கள் என்று கண்டுபிடித்து, பரிசு வாங்கியவரைப் போல எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா பட்டுச் சேலையில் வந்தார். பின்னால் வீட்டுக்காரர், அதற்குப் பின்னால் மலர். மூலையில் கேண்டீன் அம்மா பிள்ளைகளுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு நின்றார், சரவணன் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான்.

அக்கா மேல் லயத்தைக் கண்டுபிடித்தார். விரலை வைத்தார். சந்தோஷத்தில் முகமே மலர்ந்துவிட்டது. அப்புறம் அம்பைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியாத அளவில்தான் நான் அடித்திருந்தேன்.

"இது தலைகீழா மாட்டியிருக்கு" என்றார்.

கல்லூரிப் பெண் ஒருத்தி, "இல்ல ஆன்ட்டி, எழுத்தெல்லாம் நேரா இருக்கு பாருங்க" என்றாள்.

"எழுத்து நேரா இருந்தாப் போதுமா? தண்ணி நேரா இருக்க வேணாமா? திருப்பி மாட்டு."

அக்காவிடம் யார் மறுத்துப் பேசுவது. இரண்டு பையன்கள் நாற்காலிமேல் ஏறிப் பேனரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார்கள். எழுத்தெல்லாம் வௌவாலாகத் தொங்கியது. அம்பும் திரும்பியது. ஆனால் மேல் லயமும் அதோடு சேர்ந்து திரும்பிவிட்டதே. தண்ணீர் இப்போதும் கீழ் லயத்திலிருந்து மேல் லயத்துக்கே போனது. அக்கா கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். மண்டபத்தில் பாதிப் பேர் கூடவே கழுத்தைச் சாய்த்தோம்.

"அப்ப எதுக்கு எங்க லயத்த மேல் லயம்னாங்க?"

"தொரை பங்களாவுக்குப் பக்கத்துல இருந்துச்சுல்ல ஆன்ட்டி, அதான் மேல் லயம். பள்ளம் மேடு பாத்து வச்ச பேரு இல்ல."

மேல் லயத்துக்குப் பின்னால் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. பேச்சை மாற்ற நினைத்து அக்கா அதைத் தொட்டார். அதுதான் அன்று அவர் செய்த பெரிய தப்பு.

"இது என்னா, கட்டங் கட்டமா?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "ஜம்பான், ஆன்ட்டி. வாளிக் கக்கூஸ். ரெண்டு லயத்துக்கும் சேத்து அது ஒண்ணுதான். காலைல எல்லாரும் அங்கதான் வரிசையில நிப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக மாமாக் கடை அண்ணன், பிள்ளைகளுக்கென்று மேசையில் வைத்திருந்த ஜெல்லியை வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டார். அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டு ஆடியது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். அக்கா பட்டுச் சேலையை இழுத்துச் செருகினார். "வெள்ளக்காரன் மத்தியானச் சோத்தத் தின்னுட்டுத் தூக்கத்துல போட்டிருப்பான் அம்பை. அந்த லோங்காங் இன்னும் அங்கதான இருக்கு? படம் பொய் சொல்லும், தண்ணி பொய் சொல்லாது. மலரு, வாளில மஞ்சத்தண்ணி கரைச்சிக் கொண்டா."

தாமானுக்குப் பின்னால் இருக்கிற லோங்காங் அந்தப் பழைய கால்வாய்தான், சிமெண்டு பூசி அகலப்படுத்தியது. ஒரு பக்கம் பூப்பந்துத் திடல், அதாவது மேல் லயம் இருந்த இடம். இன்னொரு பக்கம் பாலாய் ராயா, கீழ் லயம் இருந்த இடம். நடுவில் ஒரு சின்னப் பாலம். மொத்தக் கண்காட்சியும் பாலத்துக்கு இடம் மாறியது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த லோங்காங்கில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. நிற்கும். மழை பெய்தால் பொங்கும், வெயில் அடித்தால் நாறும். எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அக்கா சாமி கும்பிட்டுவிட்டு வாளியைக் கவிழ்த்தார். கறுப்புத் தண்ணீரில் மஞ்சள் ஒரு தோசை அளவுக்குப் பரவி அப்படியே நின்றது. எல்லாரும் குனிந்து பார்த்தோம். தோசை நகரவில்லை. மாமாக் கடையில் ஆர்டர் கொடுத்திருந்த ஓர் ஆள் ரொட்டி சானாய் தட்டோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"பாத்தீங்களா, மேல் லயத்துப் பக்கம் போகல" என்றார் அக்கா.

"எங்க பக்கமும் வரலையேம்மா" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. கேண்டீன் அம்மா. அவர் அப்படி ஒரு வாக்கியம் பேசி நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

அப்போதுதான் சரவணன் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு லோங்காங்கில் குதித்தான். பாலத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். பிளாஸ்டிக் பை வந்தது, கிழிந்த செருப்பு வந்தது, யாரோ தொலைத்த பூப்பந்து மட்டை வந்தது, கடைசியில் ஒரு முழு மெத்தை. அதை இழுக்க நாலு பேர் இறங்க வேண்டியிருந்தது. மெத்தை வெளியே வந்ததும் லோங்காங் ஏப்பம் விட்டது போல ஒரு சத்தம். தண்ணீர் புரண்டது. மஞ்சள் நீளமாக இழுபட்டு, திரும்பி, பூப்பந்துத் திடல் பக்கமாக, அக்கா வீட்டுப் பின்வாசலைப் பார்த்து ஜம்மென்று ஓடியது.

அக்கா அது கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலி வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். யாரையும் பார்க்கவில்லை. அம்பை அவ்வளவு பெரிதாக அடித்திருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். ஆனால் மலர் மெத்தைப் பக்கத்தில் நின்று, தலையிலிருந்து கால்வரை சேறாக இருந்த சரவணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் சரியாகத்தான் அடித்திருக்கிறேன் என்று பட்டது.

அடுத்த சில நாள் அக்கா வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. வீட்டுக்காரர் மாமாக் கடையில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒருநாள் காலை அக்கா எங்கள் வாசலில் நின்றார். கையில் ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வைத்த தட்டு.

"வா தம்பி, இதத் தூக்கிக்கிட்டு. கேண்டீன் வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்."

தட்டோடு பின்னாலேயே போனேன். கேண்டீன் அம்மா பதறிப்போய் நாற்காலி போட்டார். அக்கா உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "ஒரு தம்ளர் தண்ணி குடுங்க. பச்சத்தண்ணி போதும்." வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தார். அக்காவின் கணக்கில் அது என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

"எங்க மலருக்கு ஒங்க பையனக் கேக்க வந்திருக்கேன்" என்றார்.

கேண்டீன் அம்மா தட்டைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். மெதுவாக, வழக்கமான அதே பணிவான குரலில் சொன்னார்: "கொஞ்சம் யோசிக்கணுங்க. நாங்க மேல்தண்ணி இல்லையா."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"என்னாங்க பேசுறீங்க?" அக்கா எழுந்தே விட்டார். "தண்ணில மேலு என்னா கீழு என்னா? எந்தக் காலத்துல இருக்கீங்க நீங்க? ரெண்டு புள்ளைங்க மனசப் பாப்பீங்களா, லோங்காங்கப் பாப்பீங்களா?"

"பாக்கணும்ல. நாள பின்ன ஊரு நாலு பேசும்" என்றார் கேண்டீன் அம்மா.

அன்றிலிருந்து ஒரு மாதம் எங்கள் தாமான் கண்ட காட்சி வேறெங்கும் கிடைக்காது. அக்கா வீடு வீடாகப் போய்த் தண்ணீரெல்லாம் ஒன்றுதான் என்று பிரசாரம் செய்தார். கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று, மேல் கீழ் பார்க்கிறவர்களுக்கு மூளை வளரவில்லை என்று பேசினார். கைதட்டாதவர்களைக் குறித்துவைத்துக்கொண்டார். இன்னொரு பக்கம் கேண்டீன் அம்மாவின் நடையே மாறிவிட்டது. மாமாக் கடையில் உட்கார்ந்து, தேத்தண்ணியில் சீனி கூட என்று திருப்பி அனுப்பினார். சரவணன் தலையில் அடித்துக்கொண்டான். மலர் மறுபடி அழ ஆரம்பித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கேண்டீன் அம்மாவிடம் நேரே போய்க் கேட்டுவிட்டேன், ஏன்ம்மா இப்படிப் பிள்ளைகளை வதைக்கிறீர்கள் என்று.

அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "மாட்டேன்னு எவ சொன்னா? தீவாளி முடியட்டும், சரின்னு சொல்லிருவேன். அவங்க எங்கள எத்தன வருசம் கீழ வச்சாங்க தம்பி. ஒரு மாசம் நானும் மேல இருந்து பாத்துக்கறேன். எப்படித்தான் இருக்குன்னு தெரியணும்ல."

"எப்படி இருக்கும்மா?"

வெட்டுவதை நிறுத்தி யோசித்தார். "நல்லாத்தான்லா இருக்கு" என்றார்.

தீபாவளி முடிந்தது. சொன்னபடி சரி என்றார். தை மாதம் கல்யாணம். மண்டபம் நிறைய ஆள். அக்கா மேடையேறி நின்றார், மலர் ஆசைப்பட்டபடியே. தாரை வார்க்கிற நேரம் வந்தது. வீட்டுக்காரர் கை, அதற்குக் கீழே மலர் கை, அதற்கும் கீழே சரவணன் கை, அதன்கீழ் ஒரு தாம்பாளம். எல்லாவற்றுக்கும் மேலே செம்போடு அக்கா. செம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்கம்மா, மாப்பிள்ளைக்குத் தெறிக்கும்" என்றார் ஐயர்.

"இருக்கட்டும் சாமி. எங்க வீட்டுத் தண்ணி எங்கருந்து எங்க போகுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

கேண்டீன் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா ஊற்றினார். செம்பு காலியாகிற வரை ஊற்றினார். தாம்பாளம் நிரம்பியது, வழிந்தது, தண்ணீர் மேடைப் பலகையில் இறங்கி ஒரு கோடாக ஊர ஆரம்பித்தது. ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுப் பார்த்தார். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்தினார். மேடையில் இடது பக்கம் பெண் வீட்டார், வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார். எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க மண்டபமே எழுந்து நின்றது. கேண்டீன் அம்மா பாதி எழுந்துவிட்டார்.

அக்கா சடாரென்று முழங்காலிட்டார். கல்யாணத்துக்கென்று எடுத்த புதுப் பட்டுச் சேலையின் முந்தானையை இழுத்து அந்தத் தண்ணீர்மேல் போட்டு அழுத்தித் துடைத்தார். ஒரு சொட்டு விடாமல் துடைத்துவிட்டு, ஈர முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"என்னாலா எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கறீங்க? கெட்டி மேளம் வாசிங்க."